நெகிழ்வட்டுகளில் உறங்கும் எமது எழுத்துகள்

புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் வாங்கிய முதற் கணனி, எம்மிற் பலருக்குச் சீட்டுப் பணத்தாலேயே கைகூடியது. அதில் தமிழ் எழுத்துருவை நிறுவி, மன்ற அறிக்கைகளையும், பிள்ளைகளின் தமிழ்ப் பாடங்களையும், அகதி விண்ணப்பத்துக்கான வாக்குமூலங்களையும் தட்டச்சுச் செய்தோம். அவற்றை மூன்றரை அங்குல நெகிழ்வட்டுகளிற் சேமித்தோம். ஒரு வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைற் மட்டுமே. ஆயினும் ஒரு நூலின் எழுத்துகள் முழுவதும் அதில் அடங்கின.

1998இல் அப்பிள் நிறுவனத்தின் ஐமாக் கணனி நெகிழ்வட்டுச் செலுத்தி இன்றியே வெளிவந்தது. 2011இல் சோனி நிறுவனம் ஜப்பானில் இவ்வட்டுகளின் விற்பனையை நிறுத்தியது. வட்டின் காந்தப் பதிவும் காலப்போக்கில் வலுவிழக்கின்றது.

வட்டு திறந்தாலும் மற்றுமொரு தடை உண்டு. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமைத்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் 'அம்மா' என்ற சொல்லும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். அதனைக் கண்டு, கோப்பு பழுதடைந்ததென எறிந்துவிடலாகாது. எழுத்துரு மாற்றிகளின் துணையுடன் அதனை யூனிகோட்டுக்கு மாற்ற இயலும். யூஎஸ்பி வழியே இணைக்கும் நெகிழ்வட்டுச் செலுத்திகளும் உள்ளன.

ஊரிலிருந்து எடுத்துவர இயலாது நாம் விட்டுவந்தவை பல. இங்கு வந்தபின் எழுதியவற்றையும் இழத்தல் தகுமோ? பெட்டிகளிற் கிடக்கும் வட்டுகளை இவ்வாண்டே பிரதி செய்வோம். வாக்குமூலங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். மன்ற மலர்களையும் பாடநூல்களையும், 2005 முதல் ஈழத்து எழுத்துகளைத் திரட்டிவரும் நூலகம் எண்ணிமத் திட்டத்திடம் ஒப்படைப்போம்.