கல்வராயன் பிள்ளைகள்: களி முதல் விடுதிச் சோறு வரை

கல்வராயன் மலைப் பழங்குடிகளில் இன்றைய பெரியவர்கள் சின்ன வயதில் சாப்பிட்டது சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும். தொட்டுக்கொள்ளக் கொள்ளு, மொச்சை, மழைக்கு முளைத்த கீரை. கூடவே காட்டில் தோண்டிய கிழங்கு, தேன். அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை பொய்த்த வருடங்களில் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். ஆனால் கிடைத்த சாப்பாட்டில் சத்து இருந்தது.

பிறகு சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. கையில் காசு புரண்டது, சாமைக் கொல்லைகள் சுருங்கின. ரேஷன் அரிசியும் 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்க, அடுப்பில் அரிசியே நிலைத்துவிட்டது. மிளகு, காபித் தோட்ட வேலைக்குப் பெற்றோர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய்விடும் மாதங்களில் பிள்ளைக்குச் சோறு போடுவது உண்டு உறைவிடப் பள்ளிதான்.

அங்கே மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்றாகச் சத்துணவில் சேர்ந்த முட்டை, இன்று பள்ளி நாள் தவறாமல் தட்டுக்கு வருகிறது. இது சிறிய மாற்றமல்ல. 2023-இல் பள்ளி விடுதி மாணவருக்கான மாத உணவுப்படி 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆனது. ஆனாலும் நாளுக்கு 47 ரூபாய்கூட இல்லை. பருப்பும் பாலும் பழமும் விற்கிற விலையில், கை தானாக அரிசியைத்தான் கூட்டிப் போடும்.

இந்தியப் பழங்குடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2005-06 குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 54 பேர். 2019-21-இல் 41. முதல் இரண்டு வயதில் நின்றுபோன வளர்ச்சியோடுதான் பலர் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். அதில் கொஞ்சமாவது ஈடுகட்ட உடம்பு மறுபடி வாய்ப்புத் தருவது வயதுக்கு வரும் பருவத்தில். அப்போது அவர்கள் இருப்பது விடுதியில். அதனால்தான் அந்தச் சமையற்கட்டு எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. மலையில் விளையும் சாமையையும் கேழ்வரகையும் மொச்சையையும் அந்தப் பிள்ளைகளின் குடும்பங்களிடமே வாங்கிச் சமைக்கலாமே.

வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, வருடம் இருமுறை குடற்புழு மாத்திரை என்று அரசுத் திட்டம் இருக்கிறது. அதோடு ஜூனில் பள்ளி திறந்ததும், டிசம்பரில், கோடை விடுமுறைக்கு முன்னால் என ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் எடையையும் குறித்து வைக்க வேண்டும். விடுமுறையில் இளைத்துத் திரும்பிய பிள்ளைக்கு வீட்டில் சாப்பாடு போதவில்லை. விடுதியிலேயே இருந்தும் வளராத பிள்ளைக்கு ரத்தசோகையா, குடற்புழுவா, குழம்பில் பருப்பு போதவில்லையா என்று விடுதிக் காப்பாளர் அந்த வாரமே கேட்டாக வேண்டும்.