கிக்கரும் பட்டனும்: பழைய பிராண்டுக்கு உயிர் குடுக்குறது எப்படி?

ராசிபுரத்துல எங்க அப்புச்சி வீட்டு மாட்டுக்கொட்டாய் ஓரமா ஒரு 1986 மாடல் புல்லட் சாக்கு போர்த்தி நிக்குது. பொங்கல் லீவுக்குப் போனப்ப மாமா கேட்டார்: "மாப்ள, ஒருத்தர் நல்ல விலைக்குக் கேக்குறாரு. குடுத்துரலாமா? நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, சொல்லு." அப்புச்சி எதுவும் பேசாம பேப்பர் படிச்சுட்டு இருந்தார். எனக்கும் பதில் தெரியல. புது புல்லட் ஷோரூம்ல தாராளமா கிடைக்கும்போது, இந்தப் பழசுக்கு ஏன் இவ்ளோ கிராக்கி? அதைத் தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

தாய்வீடு மூடியாச்சு, திருவொற்றியூர் ஓடுச்சு

ராயல் என்ஃபீல்டு பிறந்தது இங்கிலாந்துல, ரெட்டிச் என்ற ஊர்ல. 1901ல முதல் மோட்டார் சைக்கிள். 'புல்லட்' என்ற பேர் வந்தது 1932ல. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உருவாச்சு. முதல்ல அங்கிருந்து பார்ட்ஸ் வந்து இங்க அசெம்பிள் ஆச்சு, போகப் போக முழு வண்டியும் திருவொற்றியூர்லயே தயாராச்சு. 1970ல இங்கிலாந்து கம்பெனியே மூடப்பட்டது. ஆனா வடசென்னையில வேலை நிக்கல.

நின்னிருந்தது வண்டியோட டிசைன்தான். ஜப்பான் கூட்டணியில லேசான 100 சி.சி. வண்டிகள் வந்தப்போ, ஆயில் ஒழுகுற, கிக் பண்ணவே பழகணும்ங்கிற வண்டியை யார் வாங்குவாங்க? 2000ல மாசம் 6,000 வண்டி தயாரிக்கிற வசதி இருந்தும் வித்தது ஏறக்குறைய 2,000தான். அப்ப ஈச்சர் குழுமத்துக்குச் சொந்தமா இருந்த கம்பெனியை மூடிரலாமான்னு பேச்சு வந்துச்சு. 26 வயசு சித்தார்த்த லால் வாய்ப்பு கேட்டு பொறுப்பை எடுத்துக்கிட்டார். அதாவது நம்ம சீனியரை விட நாலு வயசுதான் அதிகம்! அப்புறம் குழுமமே பல தொழில்களைக் கைவிட்டு லாரி, பைக் ரெண்டுல கவனம் வெச்சது. நம்ம ஊர் வயல்ல ஓடுற ஈச்சர் டிராக்டர் பிரிவு 2005ல சென்னை டாஃபே கைக்குப் போனது இதுலதான்.

எதை மாத்தினாங்க?

பழைய புல்லட்டை ஸ்டார்ட் பண்றதே ஒரு லேப் எக்ஸ்பெரிமென்ட் மாதிரி. சாவி போட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கரை மெதுவா அழுத்தணும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு பிஸ்டனை உச்சிப்புள்ளி தாண்டி லேசா தள்ளணும். லீவரை விட்டு, கிக்கரை மேல கொண்டுவந்து, அப்புறம் ஒரே உதை. தப்பினா கிக்கர் திருப்பி அடிக்கும். அப்புச்சி முழங்கால்ல இன்னும் அந்த வலி இருக்கு.

கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. மத்த பைக் ஓட்டிப் பழகினவனுக்கு இது ஆபத்து. அதனால கியர் இடதுக்கு வந்துச்சு, செல்ஃப் ஸ்டார்ட் வந்துச்சு. பழைய ரசிகர்கள் "இது புல்லட்டே இல்ல"ன்னு சண்டை போட்டாங்க. ஆனா கம்பெனிக்கு வேண்டியது புதுசா வாங்குறவங்க.

பெரிய மாற்றம் உள்ளே. முன்னாடி இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. இணைப்பு அதிகமானா ஒழுகலும் அதிகம். 2008-09 வாக்குல ரெண்டையும் ஒரே கூட்டுக்குள்ள வெச்ச யுனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் அலுமினிய இன்ஜின் வந்துச்சு. அதை 1950கள் தோற்றத்துல மாட்டி 2009ல 'கிளாசிக்' வந்துச்சு. 2010ல ஏறக்குறைய 52,000 வண்டி வித்த கம்பெனி, 2014ல 3 லட்சத்தைத் தாண்டிருச்சு.

நாமக்கல் பட்டறையைப் பார்த்தவங்களுக்கு இது சுலபமா புரியும். கம்பெனியிலிருந்து சேஸிஸ் வரும், மேல நம்ம ஆளுங்க அவங்களுக்குப் பழகின பாணியில பாடி கட்டுவாங்க. அடியில புதுசு, கண்ணுக்குத் தெரியுறது பழகின முகம்.

எதை விட்டு வெச்சாங்க?

இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. பழைய 350 இன்ஜின்ல போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. கணக்கு போட்டா 346 சி.சி. 2020ல மீட்டியாரோட வந்த புது ஜே சீரிஸ் இன்ஜின்ல போர் 72, ஸ்ட்ரோக் 85.8. அதாவது 349 சி.சி. இன்ஜின் முழுசா புதுசு, ஆனா லாங் ஸ்ட்ரோக் குணத்தை விடல. ஏன்? அந்த 'டப் டப்' சத்தத்துக்காகவும், கீழ் ஆர்.பி.எம்.லயே கிடைக்கிற இழுவைக்காகவும்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக்ல ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரியும். 1,000 ஆர்.பி.எம்.ல சிங்கிள் சிலிண்டர்னா நொடிக்கு எட்டு வெடிப்பு. ஒவ்வொண்ணும் தனித்தனியா காதுல விழும். நாலு சிலிண்டர்னா நொடிக்கு 33, எல்லாம் சேர்ந்து ஒரே ரீங்காரமாயிரும். சத்தத்தை வெச்சுக்கிட்டு அதிர்வை மட்டும் குறைக்க, ஜே சீரிஸ்ல பேலன்சர் ஷாஃப்ட் வெச்சாங்க. கை மரத்துப் போறது குறைஞ்சது, 'டப் டப்' அப்படியே இருக்கு.

மத்தவங்க என்ன பண்ணாங்க?

மைசூர்ல 1996 வரைக்கும் ஓடின ஐடியல் ஜாவா டூ ஸ்ட்ரோக் வண்டி. இன்னைக்கு இருக்குற புகை விதிகள்ல அந்த இன்ஜினைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்ல. அதனால 2018ல கிளாசிக் லெஜண்ட்ஸ் கம்பெனி 293 சி.சி. லிக்விட் கூல்டு ஃபோர் ஸ்ட்ரோக்கோட ஜாவாவை இறக்குச்சு. சிலிண்டர் ஒண்ணுதான், ஆனா பழைய அழகுக்காக சைலன்சர் ரெண்டு. முகம் திரும்பி வந்துச்சு, பழைய சத்தம் வரல. ராயல் என்ஃபீல்டுக்கு இருந்த அதிர்ஷ்டம் இதுதான்: அது ஒரு நாளும் முழுசா நிக்கல, இன்ஜினைப் படிப்படியா மாத்த நேரம் கிடைச்சுது.

இன்னொரு கதை நமக்குப் பக்கத்துலயே இருக்கு. தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரி, கிருஷ்ணகிரி தாண்டினா ஓசூர். அங்க ஃபேக்டரி வெச்சிருக்கிற டி.வி.எஸ்., 1898ல தொடங்கின பிரிட்டிஷ் நார்ட்டனை 2020 ஏப்ரல்ல 1.6 கோடி பவுண்டுக்கு வாங்குச்சு. பேரை மட்டும் வாங்கிட்டு வந்துடல. இங்கிலாந்துல சோலிஹல்ல புது ஃபேக்டரியும் போட்டாங்க. பேருக்கு மதிப்பு இருக்கணும்னா, பின்னாடி ஒழுங்கா ஓடுற வண்டி இருக்கணும்.

மாமாவுக்கு என்ன சொன்னேன்?

இதெல்லாம் படிச்சுட்டு அடுத்த வாரம் ராசிபுரம் போனேன். மாமா பையன் புது கிளாசிக் வெச்சிருக்கான். அப்புச்சியை அதுல உக்கார வெச்சு பட்டனை அழுத்தச் சொன்னோம். அழுத்தினார். தலையைச் சாய்ச்சு கொஞ்ச நேரம் கேட்டார். "சத்தம் நம்மளுதுதான். முன்னாடியே இப்படிக் குடுத்திருந்தா என் முட்டி தப்பிச்சிருக்கும்"னார்.

அப்புறம் அவரே கொட்டாய்க்குப் போய் சாக்கை எடுத்தார். நான் கிக் பண்ணினேன், அவர் அம்மீட்டரைப் பார்த்துச் சொன்னார். பதினொண்ணாவது உதையிலதான் ஸ்டார்ட் ஆச்சு. மாமா அதுக்கப்புறம் விக்கிற பேச்சை எடுக்கல. "பிளாட்டினம் பாயிண்ட் மாத்தணும், நீயே கத்துக்க"ன்னு மட்டும் சொன்னார்.

உங்க வீட்டு ஷெட்லயும் இப்படி ஒண்ணு சாக்குக்குள்ள இருக்கலாம். வித்துடுறதுக்கு முன்னாடி, அதை ஓட்டினவங்ககிட்ட ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணக் கத்துக்கோங்க. மெஷின் டிசைன் பேப்பர்ல வராத பாடம் அது.