படிகம் வளர்ந்த விதமும் மின்தடை எண்ணும்

இரண்டு அருமண் அணு, இரண்டு டைட்டானியம் அல்லது வெள்ளீய அணு, ஏழு ஆக்சிஜன் அணு: பைரோகுளோர் ஆக்சைடின் வாய்பாடு இவ்வளவுதான். வாய்பாடு தெரிந்தால் மின்தடை எண்ணும் தெரிந்துவிடும் என்று பாடநூல் அட்டவணைகள் நம்மைப் பழக்கிவிட்டன. செம்புக்கு அது பெரும்பாலும் பொருந்தும், பைரோகுளோருக்குப் பொருந்தாது. படிகம் எப்படி வளர்ந்தது என்பதும் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது. இட்ரியம் டைட்டானேட்டைப் பாருங்கள். குறையில்லாத படிகம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், மின்சாரத்தை விடாது. ஆக்சிஜன் சிறிது வெளியேறினாலோ நிறம் கறுக்கிறது. வெளியேறும் ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுச்செல்கிறது. அவற்றை டைட்டானியம் ஏற்க, மின்தடை குறைகிறது. ஆக்சிஜனில் வைத்துச் சூடாக்கினால் தெளிவு திரும்பிவிடும். இட்டெர்பியம் டைட்டானேட்டில் சிக்கல் வேறு. உருக்கி வளர்த்த படிகத்தில், நூறு டைட்டானியம் இடங்களில் ஏறத்தாழ இரண்டை இட்டெர்பியமே பிடித்துக்கொண்டிருந்ததை 2012-இல் கண்டறிந்தார்கள்.

கடும் வெப்பமே இந்தக் குறைகளுக்கு முக்கியக் காரணம். வெள்ளீயப் பைரோகுளோரை உருக்க முயன்றால் வெள்ளீய ஆக்சைடு ஆவியாகிப் போய்விடும். நீர்வெப்ப முறையின் அருமை இங்கேதான் புரிகிறது. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில், மூலப்பொருளையும் காரக் கரைசலையும் வெள்ளிக் குழாயில் அடைத்து, சுமார் 700 டிகிரி செல்சியஸிலும் 2000 வளிமண்டல அழுத்தத்திலும் நாட்கணக்கில் வைக்கிறார்கள். அந்த நிலையில் நீர், சாதாரணமாகக் கரையாத ஆக்சைடையும் கரைத்து, மெல்லப் படிகமாகப் படியவிடுகிறது. கைக்கடிகாரக் குவார்ட்ஸ் வளர்வதும் இதே தத்துவத்தில்தான்.

இப்படிகங்கள் மிகச் சிறியவை, பொடியை அழுத்திச் சுட்ட வில்லையிலேயே அளந்தால் என்ன என்று கேட்கலாம். அது சுவரைத் தட்டிப் பார்த்துச் செங்கல்லின் உறுதியைச் சொல்வதாகும். துகள்களுக்கு இடையிலுள்ள எல்லைகளின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். சிறிய படிகத்தை அளக்கவும் வழி உண்டு. மின்சாரம் நன்றாகக் கடத்தும் படிகம் என்றால் நான்கு முனைகளைப் பொருத்தி, இரண்டில் மின்னோட்டம் செலுத்தி, மற்ற இரண்டில் மின்னழுத்தம் பார்க்கலாம்; தொடுமுனையின் தடை அளவீட்டில் நுழையாது. கடத்தாப் படிகத்தில் பரப்பின் ஈரம் வழியாகக் கசியும் மின்னோட்டமே எதிரி. அதைத் தனியே வடித்துவிட, தொடுமுனையைச் சுற்றி ஒரு காப்பு வளையம் வேண்டும்.

நீரில் வளர்ந்ததால் ஹைட்ராக்சில் உள்ளே சிக்கியிருக்காதா என்பது நியாயமான ஐயம். சிக்கலாம், ஆனால் அகச்சிவப்பு நிறமாலை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். துகள் எல்லையின் தடையைப் பிரித்தெடுப்பதைவிட இது எளிது. ஆகவே ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மின்தடை எண்ணை வெளியிடும்போது வளர்த்த வெப்பநிலை, அழுத்தம், கரைசல், பின்னர்ச் சூடாக்கிய விதம் ஆகியவற்றையும் அதன் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.