நீர் இரட்டிப்பானால் பிஎச் இரட்டிப்பாகுமா?

மாணவர்களே, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு 1. அதில் 50 மில்லிலிட்டர் எடுத்து, நீர் சேர்த்து 100 மில்லிலிட்டராக்கினால் பிஎச் என்ன? வகுப்பில் பலர் தயங்காமல் ‘2’ என்று எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் போவது இங்கேதான்.

செறிவு பாதியானது உண்மை: 0.1 × 50 ÷ 100 = 0.05 மோலார். ஆனால் பிஎச் என்பது செறிவு அல்ல. 1909இல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சென் வகுத்த அளவுகோல் அது: ஹைட்ரஜன் அயனிச் செறிவுக்குக் கணிப்பானின் ‘லாக்’ பொத்தான் தரும் எண்ணின் குறியை மாற்றினால் பிஎச். 0.05ஐத் தட்டிப் பாருங்கள், 1.3 வரும். பிஎச் 2 வேண்டுமானால் 10 மில்லிலிட்டரை 100 மில்லிலிட்டராக்க வேண்டும், அதாவது பத்து மடங்கு. பிஎச் 3க்கு நூறு மடங்கு.

இப்படியே நீர் சேர்த்துக்கொண்டே போனால் 8 வருமா? 10⁻⁸ மோலார் அமிலத்துக்குச் சூத்திரம் 8 என்றுதான் காட்டும். அமிலம் காரமாகிவிட்டதா, என்ன! தண்ணீரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம். 25 பாகை செல்சியசில் தூய நீரிலேயே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி உண்டு. நம் அமிலம் தருவதைவிடப் பத்து மடங்கு. இரண்டையும் வெறுமனே கூட்டினால் பிஎச் 6.96. அமிலம் இருப்பதால் நீர் அயனியாவது சற்றுக் குறையும்; அதையும் சேர்த்தால் 6.98. எவ்வளவு நீர் ஊற்றினாலும் 7ஐ நெருங்குமே தவிர, தாண்டாது.