வெளிமாநிலக் காரைக் கடனில் வாங்குவோர் கவனத்திற்கு

பெங்களூரில் வசிக்கும் நம் வாடிக்கையாளர்களுள் பலர் ஓசூர், சேலம், சென்னை போன்ற ஊர்களிலிருந்து பயன்படுத்திய கார்களைக் கடன் பெற்று வாங்குகின்றனர். கடன் தொகை வழங்கப்பட்டு, கார் வாசலுக்கு வந்தவுடன் எல்லாம் முடிந்தது எனக் கருதுவோரும் உண்டு. "தமிழ்நாட்டு எண்ணிலேயே ஓராண்டு ஓட்டலாமே" என்ற கேள்வியை நாங்கள் அடிக்கடி எதிர்கொள்கிறோம். அதற்கான விளக்கமே இக்கட்டுரை.

ஓராண்டு அவகாசம் யாருக்கு?

ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்பட்டால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. இது தமது காருடன் குடிபெயர்ந்து வருபவருக்குப் பயன்படும் அவகாசம்.

காரை விலைக்கு வாங்கியவருக்கோ 50ஆம் பிரிவும் பொருந்தும். உரிமை மாறிய 30 நாட்களுக்குள், தாம் வசிக்கும் பகுதியின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு அவர் அதைத் தெரிவிக்க வேண்டும். ஓராண்டுக் கணக்கு இங்கே உதவாது.

பெயர் மாறாவிட்டால் என்ன?

பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரையே சட்டம் உரிமையாளராகக் கொள்கிறது. பலர் கைமாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு காரால் நேர்ந்த விபத்து வழக்கில், பதிவேட்டில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, தாமதம் விற்றவரையும் பாதிக்கும். வாங்கியவரோ தம் பெயரில் இல்லாத காருக்குத் தவணை செலுத்திக்கொண்டிருப்பார்.

வரிசை மாறலாகாது

முதலாவது, பழைய கடன். பதிவுச் சான்றில் வேறு நிதி நிறுவனத்தின் பெயர் உள்ளதா என முதலில் பாருங்கள். இருந்தால், நிலுவையைத் தீர்த்து, அந்நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35ஐயும் தடையில்லாக் கடிதத்தையும் பெற வேண்டும். நிலுவைத் தொகை அந்நிறுவனத்தின் கடன் கணக்கிற்கே நேரடியாகச் செல்வது பாதுகாப்பானது.

இரண்டாவது, படிவம் 28. இது காரின் பழைய போக்குவரத்து அலுவலகம் வழங்கும் தடையில்லாச் சான்று. செல்லவிருக்கும் அலுவலகத்தின் பெயர் அதில் குறிக்கப்படும். கோரமங்களா கேஏ 01, இந்திராநகர் கேஏ 03, ஜெயநகர் கேஏ 05, எலெக்ட்ரானிக் சிட்டி கேஏ 51 என ஒவ்வொன்றும் தனி அலுவலகம். உங்கள் முகவரிக்குரியதை உறுதி செய்த பின்னரே விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

மூன்றாவது, பெங்களூரில் பதிவு. புதிய எண்ணுக்குப் படிவம் 27, உரிமை மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30, நம் வங்கியின் கடன் உரிமையைப் பதிவுச் சான்றில் ஏற்றப் படிவம் 34 ஆகியவை தேவை. படிவம் 34இல் உங்களுடன் வங்கியும் கையொப்பமிட வேண்டும். எனவே முன்கூட்டியே கிளைக்கு வாருங்கள்.

நான்காவது, காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு உரிமையோடு சேர்ந்து மாறியதாகவே சட்டம் கருதும். உங்கள் காருக்கு நேரும் சேதத்திற்கான காப்பீடு அவ்வாறு தானாக மாறாது. 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பியுங்கள்.

வரியை மறவாதீர்

தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி செலுத்தப்பட்டிருந்தாலும் கர்நாடகத்தில் மீண்டும் செலுத்த வேண்டும். நீங்கள் கொடுத்த விலை இதற்கு அடிப்படையன்று. கார் புதிதாக விற்கப்பட்டபோது இருந்த விலையைக் கொண்டு, அதன் வயதுக்கேற்பக் குறைத்து வரி கணக்கிடப்படும். 9 லட்சம் ரூபாய்க்கு விற்ற காரை நீங்கள் 5 லட்சத்திற்கு வாங்கினாலும் கணக்கு 9 லட்சத்திலிருந்தே தொடங்கும். ஓசூரில் மலிவாகத் தோன்றிய கார் பெங்களூரில் அவ்வாறு இல்லாமற்போவது இதனால்தான். விலை பேசுமுன் இத்தொகையை விசாரித்து அறியுங்கள்.

பணம் கொடுக்குமுன்

படிவம் 28க்கு விண்ணப்பிக்க வேண்டியவர், பதிவேட்டில் பெயருள்ள விற்பனையாளர். முழுப் பணமும் பெற்ற பின் அவருக்கு அவசரம் இராது. உங்கள் 30 நாட்களோ ஓடிக்கொண்டிருக்கும். எனவே, சான்று கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க எழுத்துமூலம் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். நிலுவை அபராதங்கள் தீர்க்கப்பட்டனவா எனவும் பாருங்கள்.

புதிய பதிவுச் சான்று வந்ததும் அதன் நகலைக் கிளையில் அளியுங்கள். கடைசித் தவணைக்குப் பின் எங்களிடம் படிவம் 35 பெற்று, வங்கியின் பெயரை நீக்கிக்கொள்ளவும் மறவாதீர்கள். அன்றுதான் அந்தக் கார் எந்தக் கடன் பதிவுமின்றி முழுமையாக உங்களுடையதாகிறது.