கல்யாணத்தில் முடியும் என்று தெரிந்தும்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு புத்தகக் கடை. அங்கே வேலை பார்த்த ஒரு பெண்மணிக்குக் காதல் நாவல் என்றால் உயிர். புதிதாக வருவதையெல்லாம் படித்து, எது தேறும், எது தேறாது என்று எழுதி, வாடிக்கையாளர்களுக்குச் செய்தி மடலாக அனுப்பி வந்தார். அவர் சொல்லை நம்பிப் புத்தகம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டிருந்த பெண்கள். ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அந்த வட்டத்தைத் தேடிப் போனார். 42 பேரிடம் வினாப்பட்டியல் கொடுத்தார், சிலரோடு உட்கார்ந்து பேசினார். ஊருக்கும் ஆட்களுக்கும் மாற்றுப் பெயர் சூட்டி 1984இல் அவர் வெளியிட்ட 'ரீடிங் தி ரொமான்ஸ்' இன்றைக்கும் இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் நூல்.

அந்தப் பெண்கள் சொன்னவற்றில் ஒன்று விசித்திரமானது. சிலர் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்களாம். நாயகனும் நாயகியும் சேர்ந்துவிட்டார்கள் என்று உறுதியானால்தான் முதல் பக்கத்துக்கு வருவது. துப்பறியும் நாவல் படிப்பவர்கள் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் காதல் நாவலில் முடிவு ரகசியமே அல்ல. கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும் என்ற இரண்டே நிபந்தனைகளை வைத்துத்தான் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் இந்த வகையை வரையறுத்தது. அட்டையில் நிற்கும் இருவரும் சேரத்தான் போகிறார்கள். அப்படியிருக்க, இருநூறாவது பக்கத்தில் ஏன் நமக்கு நெஞ்சு படபடக்கிறது?

அண்மையில் நான் படித்தவை ஒரு கதம்பம். ஜேன் ஆஸ்டினின் 'பர்சுவேஷன்', ஜார்ஜெட் ஹேயரின் 'வெனிஷியா', மறுபடியும் ஒருமுறை 'மோகமுள்', நடுநடுவே பழைய மாத நாவல்கள் சில. படிக்கப் படிக்க இந்தக் கேள்விதான் கூடவே வந்தது. இதற்கு உளவியலாளர்கள் சொல்லும் பதில்கள் நாவல்களுக்கு இணையாகச் சுவாரசியமானவை.

ரிச்சர்ட் கெரிக் 1989இல் ஒரு சோதனை செய்தார். ஜார்ஜ் வாஷிங்டன்தான் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் என்பது அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கெரிக் தன் வாசகர்களுக்குக் கொடுத்த சிறு கதையில் வாஷிங்டன் அந்தப் பதவியை ஏற்பாரா என்பதே சந்தேகம் என்கிற மாதிரி சூழல் பின்னப்பட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு, 'அவர் தலைவரானார்' என்ற வாக்கியம் சரியா தவறா என்று சொல்லச் சொன்னார். எல்லோருக்கும் விடை தெரியும். ஆனாலும் இந்தச் சந்தேகச் சூழலோடு கதையைப் படித்தவர்கள் விடை சொல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கதைக்குள் இருக்கும்போது நம் அறிவு முழுவதும் உடனே கைக்கு வருவதில்லை; ஒவ்வொரு தடவையும் கதை புதிதாக நடப்பதுபோலவே மனம் பின்தொடர்கிறது. 'சிவகாமியின் சபத'த்தை நாலாவது முறை படிக்கும்போதும், இந்தத் தடவையாவது மாமல்லர் கொஞ்சம் முன்னால் வந்து சேரக் கூடாதா என்று ஏங்குகிறோமே, அது இதுதான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட்டும் கிறிஸ்டென்ஃபெல்டும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 12 சிறுகதைகளில் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது, மொத்தத்தில் வாசகர்கள் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்களுக்கு நேர்மாறான முடிவும் கிடைத்தது, ஆகவே இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவு தெரிந்தால் கதை செத்துவிடும் என்ற பயம் மட்டும் கொஞ்சம் மிகையானது என்று தெரிகிறது.

இன்னொரு விளக்கம் உடம்பிலிருந்து தொடங்குகிறது. டால்ஃப் ஸில்மன் காட்டிய ஒரு எளிய உண்மை: ஆபத்து நீங்கிவிட்டது என்பதை மூளை நொடியில் புரிந்துகொள்ளும், உடம்புக்கு அவ்வளவு வேகம் கிடையாது. பயத்தில் ஏறிய நாடித் துடிப்பும் வேர்வையும் அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் நல்ல செய்தி வந்தால், மிச்சமிருக்கும் படபடப்பு மகிழ்ச்சியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு தவித்தோமோ அவ்வளவுக்கு நிம்மதி இனிக்கிறது. முடிவு நல்லபடியாக இருக்கும் என்ற உத்தரவாதம் இங்கேதான் வேலை செய்கிறது. அந்தத் தைரியத்தில்தான் வாசகர் பயப்படச் சம்மதிக்கிறார்.

மூளைக்குள் போனால் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளரின் ஆய்வகக் குரங்குகள் நிற்கின்றன. விளக்கு எரியும், சிறிது நேரம் கழித்து வாயில் பழரசத் துளி விழும். பழக்கமில்லாத குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் ரசம் விழும்போது துடித்தன. பழகிய பிறகு விளக்கு எரியும்போதே துடித்தன. ரசம் வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் வர வேண்டிய நேரத்தில் ரசம் வராவிட்டால், வழக்கமான துடிப்பும் சட்டென்று குறைந்தது. 2003இல் ஷுல்ட்ஸின் குழு இன்னொன்றையும் கவனித்தது. குறிப்பைக் காட்டிவிட்டு ரசம் வரலாம், வராமலும் போகலாம், சரிபாதி வாய்ப்பு என்று வைத்தபோது, காத்திருக்கும் நேரம் முழுக்க அந்த அணுக்களின் செயல்பாடு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. நிச்சயம் வரும் என்றாலோ நிச்சயம் வராது என்றாலோ அந்த ஏற்றம் இல்லை.

குரங்கையும் வாசகரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, சரிதான். ஆனாலும் நல்ல காதல் நாவலின் அமைப்பை இதைவிடத் தெளிவாக விளக்கும் படம் எனக்குத் தெரியவில்லை. முழுக்கதையில் ரசம் நிச்சயம். ஒவ்வொரு காட்சியிலும் அது பாதிக்குப் பாதி. அவன் திரும்பிப் பார்ப்பானா, கடிதம் கைக்குக் கிடைக்குமா, வாய்வரை வந்த சொல்லை அவள் சொல்வாளா? கடைசிப் பக்கம் இதில் எதையும் சொல்வதில்லை.

நம் அகப் பாடல்கள் இந்த ஏற்பாட்டை முழுதாகவே நம்பியவை. குறுந்தொகையில் 401 பாடல்கள். அவற்றின் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் காத்திருத்தல் என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். கார்காலம் தொடங்குமுன் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போகிறான் தலைவன். அந்தச் சொல்லுக்குப் பிறகு மேகம் வெறும் மேகமில்லை, ஷுல்ட்ஸின் விளக்கு. மேகம் வந்து, கொன்றையும் பூத்து, அவன் மட்டும் வராதபோது தலைவிக்கு ஏற்படும் சரிவைத் தாங்கிப் பிடிக்கத் தோழி என்ன செய்கிறாள் பாருங்கள். இது பருவ மழையே இல்லை, பட்டிக்காட்டுக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்கிறாள். அதாவது, எரிந்தது விளக்கே இல்லை என்று வாதாடுகிறாள். ஆய்வகம் எதுவும் இல்லாத காலத்தில் இந்தத் துல்லியம் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

சரி, முடிவு ஒன்றுதான், வழிதான் எல்லாம் என்பதற்குச் சோதனை உண்டா? ஜேன் ஆஸ்டின் தனக்குத் தெரியாமலே ஒன்றைச் செய்து வைத்துவிட்டுப் போனார். எட்டு ஆண்டுகளுக்கு முன், பெரியவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு வென்ட்வொர்த்தை வேண்டாம் என்று சொன்ன ஆன் எலியட்டின் கதை 'பர்சுவேஷன்'. இப்போது அவன் பணமும் பெயருமாகத் திரும்பி வந்திருக்கிறான். 1816இல் நாவலை முடித்த ஆஸ்டினுக்கு முடிவு பிடிக்கவில்லை. அந்தப் பகுதியை எடுத்துவிட்டு வேறு எழுதினார். நிராகரித்த கையெழுத்துப் படி அழியாமல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

முதல் வடிவத்தில், ஆன் தன் உறவினனை மணக்கப்போவதாக ஊரில் பேச்சு. அவள் குடும்ப வீட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அட்மிரல், அந்தக் குத்தகை விஷயமாக, அது உண்மையா என்று அவளிடமே கேட்டு வரும்படி வென்ட்வொர்த்தை அனுப்புகிறார். அவன் சங்கடத்தோடு கேட்கிறான், இல்லை என்கிறாள், இருவருக்கும் புரிந்துவிடுகிறது. சுபம். இரண்டாவது வடிவத்தில் அவன் ஒரு விடுதி அறையில் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். சற்றுத் தள்ளி ஆன் வேறொருவரிடம், நம்பிக்கை அற்றுப்போன பிறகும் நீண்ட காலம் நேசிப்பது ஆணா பெண்ணா என்று வாதிடுகிறாள். அவன் காதில் விழுகிறதா? விழுந்தாலும் அது தன்னைப் பற்றியது என்று அவனுக்குப் புரியுமா? பேனா கீழே விழும் ஓசை ஒன்று கேட்கிறது. பிறகு வருகிறது அந்தக் கடிதம்.

சேர்பவர்கள் அதே இருவர். முதல் வடிவத்தைப் படிக்கும்போது தலையசைத்தேன். இரண்டாவதில் எழுந்து நடக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் வாய் மூடியிருந்த பெண், மறைமுகமாகவேனும் பேசிவிடுகிறாள். முதல் வடிவத்தில் அந்த வேலையை அட்மிரல் செய்துவிடுகிறார்.

அதே நாவலில் இன்னொரு இடம். அடிபட்ட சிறுவனைக் கவனித்தபடி மண்டியிட்டிருக்கும் ஆன் முதுகில் அவன் தம்பி ஏறித் தொங்குகிறான், இறங்க மறுக்கிறான். யாரோ குழந்தையை விடுவித்துத் தூக்குகிறார்கள். அது வென்ட்வொர்த் என்று ஒரு கணம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிகிறது. ஒரு வார்த்தை இல்லை. இது ஏன் பக்கம் பக்கமான வர்ணனையைவிட ஆழமாகப் பதிகிறது? நிக்கோல் ஸ்பீரும் ஜெஃப்ரி ஸாக்ஸும் 2009இல் வெளியிட்ட மூளைப் பட ஆய்வில், கதைமாந்தர் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் இடத்தைப் படிக்கும்போது, நாமே கையால் பற்றும்போது இயங்கும் பகுதிகளை ஒட்டி வாசகர் மூளையில் செயல்பாடு கூடியது. ஆகவே 'அவன் அன்பானவன்' என்று எழுதுவதைவிட, அவன் கை ஒரு வேலை செய்வதை எழுதுவது புத்திசாலித்தனம்.

இங்கே இந்த நாவல்களில் நான் கண்ட குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பமீலா ரெஜிஸ் 2003இல் எழுதிய நூலில் காதல் நாவலின் இன்றியமையாத எட்டு உறுப்புகளைப் பட்டியலிட்டார். எனக்கு முக்கியம் அதில் ஒன்றே ஒன்று: தடை. நான் படித்த மாத நாவல்களில் பாதி இங்கேதான் விழுந்தன. நாயகன் யாரோ ஒரு பெண்ணோடு பேசுவதை நாயகி தூரத்திலிருந்து பார்க்கிறாள், எண்பது பக்கம் அழுகிறாள். கடைசியில் அது அவன் தங்கை. ஒரு போன் போட்டால் தீர்ந்துபோகும் தடை, தடையே இல்லை. ஹேயரின் 'வெனிஷியா' 1958இல் வந்தது. அதில் தடை நாயகனின் மனச்சாட்சி. கெட்ட பெயர் எடுத்தவன் அவன். அவளை மணந்தால் அவள் பெயரும் கெடும் என்பதாலேயே விலகுகிறான். காதல் கூடக் கூட விலகலும் கூடும். இப்படி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டால் நாவலாசிரியர் பிறகு நிம்மதியாகத் தூங்கலாம். 'மோகமுள்' காதல் நாவல் என்ற சட்டகத்துக்குள் அடங்குவதல்ல. என்றாலும் பாபுவுக்கும் யமுனாவுக்கும் நடுவே நிற்பது வயது மட்டுமல்ல, யமுனாவே. வேறு யாரும் வந்து அவிழ்க்க முடியாத முடிச்சு அது.

கார் விபத்து, மழையில் மாட்டிக்கொள்வது, ஆஸ்பத்திரி வராந்தா போன்ற கதைச் சந்தர்ப்பங்களை நான் அவ்வளவு குறை சொல்ல மாட்டேன். கனடாவில் கபிலானோ ஆற்றின் மேல் ஆடும் தொங்கு பாலத்தில் டட்டனும் ஆரனும் நடத்தி 1974இல் வெளியிட்ட சோதனை பிரபலமானது. பாலத்தைக் கடந்துகொண்டிருந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டு, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். ஆடாத பாலத்தில் வாங்கிய 16 பேரில் 2 பேர்தான். பாலம் தந்த படபடப்பை அந்தப் பெண் தந்ததாக மனம் எண்ணிக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம். சின்ன ஆய்வுதான். ஆனால் விபத்து நடந்த இரவில் காதல் பூப்பதாக எழுதுகிறவர்களுக்கு அறிவியல் சாட்சி என்று ஒன்றாவது இருக்கட்டுமே.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த வகைக்கு மரியாதை குறைவு. ரமணிசந்திரனைப் பல தலைமுறைப் பெண்கள் படித்திருக்கிறார்கள். வாடகை நூலகங்களில் அவர் புத்தகங்கள் நைந்து போயிருக்கும். இருந்தும் 'அதெல்லாம் பொழுதுபோக்கு' என்று ஒரு உதட்டுப் பிதுக்கல். டொரோண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஃபாங், மல்லின், மார் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வை அப்படிப் பிதுக்குபவர்களிடம் காட்டலாம். 328 பேர். யார் எதைப் படிப்பவர் என்று நேரடியாகக் கேட்டால் பலர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். அதனால் எழுத்தாளர் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, தெரிந்தவர்களைக் குறிக்கச் சொன்னார்கள்; நடுவே பொய்ப் பெயர்களும் கலந்திருந்தன. பிறகு கண்கள் மட்டும் தெரியும் 36 புகைப்படங்களைக் காட்டி, அந்த ஆள் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். குடும்பக் கதை, அறிபுனை, திகில் கதை, காதல் கதை ஆகிய நான்கில், கண்ணைப் பார்த்து மனத்தைப் படிக்கும் திறனோடு உறுதியாகத் தொடர்பு காட்டியவற்றில் காதல் கதை வாசிப்பும் ஒன்று.

காதல் நாவல் படித்ததால் அந்தத் திறன் வந்ததா, அந்தத் திறன் உள்ளவர்கள்தான் காதல் நாவலை நாடுகிறார்களா என்பதை இந்த ஆய்வு சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், காதல் நாவலையே தொடாத நூறு பேரைப் பிடித்து, பாதிப் பேருக்கு ஒரு வருஷம் மாதம் நாலு நாவல் கட்டாயம் என்று விதிக்க வேண்டும். உதடு பிதுக்குபவர்களிலிருந்தே ஆள் எடுக்கலாம். முதல் புத்தகமாக 'பர்சுவேஷ'னைக் கொடுக்கச் சொல்வேன், இரண்டாவது முடிவோடு.