உஷார்! ஒரே பேனலில் கரண்டும் வெந்நீருமா?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்!

"மேலே கரண்ட், அடியில் வெந்நீர். 75 சதவீதத் திறன்!" என்று சொல்லி மொட்டை மாடியை அளக்க வருகிறார்கள்.

கோவைப் பக்கம் ஒரு குடும்பம் நம்பிப் போட்டது. மார்கழிக் காலையில் குழாயைத் திறந்தால் வெதுவெதுவென்றுதான் வந்தது. வாளிக்குள் கைவிட்டுப் பார்த்த பாட்டி, "இதுல எப்படிம்மா குளிக்கிறது?" என்று திரும்பிவிட்டார். பழைய கீசரை மறுபடி மாட்டினார்கள். கடன் தவணையும் கட்டுகிறார்கள், கரண்ட் பில்லும் கட்டுகிறார்கள்.

அந்த 75 பொய்யில்லை. அதுதான் ஆபத்து! அதில் கரண்ட் சுமார் 20; மீதியெல்லாம் சூடு. அந்தச் சூடும், தண்ணீர் வெளிக்காற்றின் அளவுக்குக் குளிர்ந்திருக்கும்போது அளந்தது. தண்ணீர் 50, 60 டிகிரிக்கு ஏற ஏற, திறன் மளமளவென்று இறங்கும். கண்ணாடி மூடி இல்லாத வகையில் சூடு அநேகமாக மிஞ்சவே மிஞ்சாது.

"தண்ணீர் பேனலைக் குளிர்விக்கும், கரண்ட் கூடும்" என்பார்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் கரண்ட் குறைவது உண்மைதான். 65 டிகிரிக்குக் காய்ந்த 400 வாட் பேனல் 56 வாட் இழக்கும். முழுக்கக் குளிர்வித்தாலும் மீள்வது அவ்வளவுதான். நீங்கள் குளிக்கிற சூட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டால், பேனலும் அதே சூட்டில்தானே இருக்கும்? அப்புறம் எங்கே குளிர்ச்சி?

கண்ணாடி மூடி போட்டதா? இன்னும் கவனம். பம்ப் நின்றாலோ, வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலோ, உள்ளே 100 டிகிரியைத் தாண்டிவிடும். செல்களை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் பழுப்பேறும். கரண்டும் போச்சு! போர் தண்ணீரை நேரடியாக விட்டால் உப்புப் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

மொத்த விலைக்கும் மானியம் என்றால் நம்பாதீர்கள். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மின்சாரக் கிலோவாட்டுக்குத்தான் மானியம். உச்சம் 78,000 ரூபாய்.

நீச்சல் குளம், ஹீட் பம்ப் போல மிதமான சூடு போதும் என்கிற இடத்துக்கு இது நல்ல பொருள். வீட்டுக் குளியலுக்கென்றால் தனி பேனல், தனி சோலார் ஹீட்டர் இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தண்ணீர் 55 டிகிரியில் இருக்கும்போது கரண்ட் எத்தனை வாட், சூடு எத்தனை வாட்?" ஐ.எஸ்.ஓ. 9806 சோதனை அறிக்கையோடு எழுத்தில் தரட்டும். தயங்கினால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.